சுடர் வந்த வழி – 17: வாளையாரோடு நின்ற குழாய்

சென்ற வாரம் 2009 ஜனவரிக் குளிரில் நிறுத்தியிருந்தோம். ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் எரிவாயு பாக்கித் தகராறு முற்றி, ஏறத்தாழ 2 வாரம் குழாய் மூடிக் கிடந்தது. தகராறில் பங்கே இல்லாத பல்கேரியாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் ஆலைகள் நின்றன, வீடுகள் விறைத்தன.

ஜெர்மனி ஏற்கெனவே வந்திருந்த ஒரு விசித்திரமான முடிவு இதனால் இன்னும் உறுதிப்பட்டது. விற்கிறவரை மாற்ற வேண்டியதில்லை, வழியை மாற்றினால் போதும். உக்ரைன் மண்ணைத் தொடாமல், பால்டிக் கடலடியில், ரஷ்யாவிலிருந்து நேரே ஜெர்மனிக்கு ஒரு குழாய். 2011 நவம்பர் 8ஆம் தேதி ஏஞ்சலா மெர்கலும் திமித்ரி மெத்வதேவும் கூடி நின்று நார்ட் ஸ்ட்ரீமைத் திறந்துவைத்தார்கள். ஐரோப்பா நிம்மதியாகத் தூங்கப் போனது.

அந்தத் தூக்கம் எப்படிக் கலைந்தது என்பதற்கு முன்னால் நாம் ஒருமுறை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் வந்துவிட்டுப் போக வேண்டும். ஏனென்றால், அங்கே நார்ட் ஸ்ட்ரீம் திறந்த அடுத்த வருடமே, இங்கே இன்னொரு குழாய்க்காகத் தோட்டங்களில் முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கரண்ட் இல்லாத ஊர்

2012. கோவையில் அந்த ஆண்டைத் தொழில் செய்து கழித்தவர்களிடம் கேட்டால் முதலில் பவர்கட்டைப் பற்றித்தான் சொல்வார்கள். 2008இல் தொடங்கிய மின்வெட்டு அந்த ஆண்டு உச்சத்தில் இருந்தது. சென்னைக்கு நாளுக்கு 2 மணி நேரம். கோவை, திருப்பூர், ஈரோட்டுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டியது. அதுவும் சொல்லி வைத்தாற்போல் போகாது. எப்போது போகும், எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாத நாட்கள் உண்டு.

பவுண்டரிக்காரர்களின் பாடுதான் மோசம். மின் உலையில் இரும்பு பாதி உருகியிருக்கும்போது கரண்ட் போய்த் திரும்பி வராவிட்டால், உள்ளே இருப்பது இறுகிக் கட்டியாகிவிடும். அதை உடைத்தெடுக்க வேண்டும். கூடவே உலையின் உள்பூச்சும் போகும். ஒரு ஷிப்ட் நஷ்டம் என்று ஆரம்பித்து ஒரு வாரமாக நீளும். திருப்பூரில் ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல் பனியன் விலையில் ஏறியது. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர் அந்த விலையை ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த ஊரின் கதையே அப்படித்தான். நிலக்கரி இல்லை, எண்ணெய் இல்லை, துறைமுகம் இல்லை. 1930களின் தொடக்கத்தில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் கம்பி வழியாக இறங்கி வந்தபிறகுதான் மில்களுக்கு மேல் மில்கள் முளைத்தன. வெளியிலிருந்து வருகிற சக்தியை வைத்து உள்ளூர்க் கைத்திறனால் பிழைத்த ஊர் இது. அந்தச் சக்தி வற்றினால் இங்கே எல்லாமே தடுமாறும்.

அப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்தில், கொச்சியின் புதுவைப்பில், பெட்ரோநெட் எல்.என்.ஜி. நிறுவனம் ஒரு முனையம் கட்டிக்கொண்டிருந்தது. கப்பலில் வரும் திரவ எரிவாயுவை இறக்கி, மீண்டும் வாயுவாக்கி, குழாயில் அனுப்பும் இடம். கொள்ளளவு ஆண்டுக்கு 50 லட்சம் டன். அங்கிருந்து பாலக்காடு மாவட்டத்தின் கூற்றநாடு வரை ஒரு குழாய். அங்கே இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை வடக்கே மங்களூருக்கும், இன்னொன்று கிழக்கே வாளையார் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பெங்களூருக்கும். போடுவது பொதுத்துறை நிறுவனமான கெயில்.

தமிழ்நாட்டுக்குள் மட்டும் சுமார் 310 கிலோமீட்டர். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என 7 மாவட்டங்கள். சக்திக்குத் தவித்துக்கொண்டிருந்த ஊர்களின் வாசல் வழியாகவே சக்தி போகப் போகிறது. மாலை போட்டு வரவேற்றிருக்க வேண்டும் என்று டெல்லியில் உட்கார்ந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

20 மீட்டர்

மாலை விழவில்லை. ஏன் என்று புரிய ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

குழாய் பதிக்க கெயில் கேட்டது 20 மீட்டர் அகலம். ஒரு தோட்டத்தில் 200 மீட்டர் நீளத்துக்கு அது குறுக்கே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பெருக்கல் 200, 4,000 சதுர மீட்டர். அதாவது, ஒரு சென்ட் குறைய ஒரு ஏக்கர். தென்னையாக இருந்தால் ஏக்கருக்குச் சுமார் 70 மரம். காய்க்கத் தொடங்கவே ஐந்தாறு வருடம் எடுத்துக்கொண்ட மரங்கள்.

மொத்தத் தோட்டமே 4 ஏக்கர் என்றால்? கொங்குப் பகுதியில் ஏராளமானோரிடம் இருப்பது அவ்வளவுதான்.

நிலத்தை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் இதில் நுட்பமான விஷயம். 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டம் நிலத்தை எடுப்பதில்லை. நிலத்தைப் ‘பயன்படுத்தும் உரிமையை’ மட்டும் எடுக்கிறது. பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும். கந்தாயமும் நீங்கள்தான் கட்டுவீர்கள். ஆனால், அந்தப் பட்டையில் கட்டடம் கட்டக் கூடாது. கிணறோ குட்டையோ வெட்டக் கூடாது. மரம் நடக் கூடாது. இதற்கெல்லாம் சட்டம் விதித்த ஈடு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. வெட்டிய மரத்துக்கும் அழிந்த பயிருக்கும் தனியாக.

சட்டம் எழுதியவர்கள் மேய்ச்சல் காட்டை மனதில் வைத்து எழுதினார்களோ என்னவோ. மானாவாரிச் சோளமோ கொள்ளோ போடுகிற காடாக இருந்தால், குழாய்க்கு மேலே மறுபடி உழுது விதைத்துக்கொள்ளலாம். பெரிய நஷ்டம் தெரியாது. கொங்கில் ‘காடு’ வேறு, ‘தோட்டம்’ வேறு. தோட்டம் என்றால் கிணறு உண்டு; அது வற்றினால் ஆயிரம் அடிக்குக் கீழே போன போர் உண்டு; தென்னை உண்டு; சாளை உண்டு; மகன் கல்யாணத்துக்கு முன்னால் அந்தச் சாளையைக் கட்டடமாக்கும் திட்டமும் உண்டு. கிணறும் மரமும் வீடும் கூடாது என்று சொல்லிவிட்டால் தோட்டத்தில் மிச்சமென்ன?

இதில் எழுத்து வேலை ஒன்றும் இருந்தது. சட்டப்படி அறிவிக்கை வரும். 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்ல வேண்டும். அறிவிக்கையில் சர்வே எண்ணும், ஹெக்டேர், ஏர் கணக்கில் பரப்பும் இருக்கும். ஏக்கர், சென்ட் தவிர வேறு அளவை வீட்டில் பேசாத ஒருவர், அந்த எண் தன்னுடைய வடக்கு மூலையா, கிணற்றங்கரையா என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி நாள் போயிருக்கும். பலருக்கு விஷயம் தெரிந்ததே முளைக்குச்சியைப் பார்த்துத்தான்.

விவசாயிகள் கேஸே வேண்டாம் என்று சொன்னார்கள் என்று பிற்பாடு ஒரு கதை கட்டப்பட்டது. அது பொய். அவர்கள் கேட்டதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: சேலம்–கொச்சி நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போங்கள்.

கெயிலின் பதில், சாலை ஓரத்தில் வீடும் கடையும் நெருக்கம், நாளை சாலையை அகலப்படுத்த வேண்டிவரும், நெடுஞ்சாலைத் துறையின் விதிகள் இடம் கொடுக்காது என்பது. இதில் பொருள் இல்லாமல் இல்லை. உயர் அழுத்தத்தில் வாயு ஓடும் முதன்மைக் குழாயைக் கடைவீதிக்குக் கீழே யாரும் போடமாட்டார்கள். ஆனால், ‘ஊரில் போட்டால் ஆபத்து, உன் தோட்டத்தில் போட்டால் ஆபத்தில்லை’ என்ற வாதத்தை விவசாயி எப்படிக் கேட்பார் என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 2013

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதன் பிறகு 2013 மார்ச் தொடக்கத்தில் கோவையில் 3 நாள் கருத்துக் கேட்பு. 7 மாவட்டங்களிலிருந்தும் விவசாயிகள் வந்தார்கள். தலைமைச் செயலாளர் கேட்டார்.

இந்தத் தொடரில் இதுவரை எத்தனையோ ஒப்பந்த மேசைகளைப் பார்த்துவிட்டோம். 1970இல் எஸ்ஸன் நகரில் சோவியத் எரிவாயுவுக்கு மாற்றாக மேற்கு ஜெர்மனி குழாய்களைக் கொடுக்க ஒத்துக்கொண்ட மேசை முதல் நார்ட் ஸ்ட்ரீம் வரை. எங்கேயும் குழாய் எந்த மண்ணுக்குள் புதைகிறதோ அந்த மண்ணின் சொந்தக்காரர் மேசைக்கு எதிரே உட்கார்ந்ததில்லை. கோவையில் உட்கார்ந்தார். அந்த வகையில் இந்த 3 நாளும் எரிவாயு வரலாற்றிலேயே அபூர்வமானவை என்பேன்.

மார்ச் 25. சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஜெயலலிதா எழுந்தார். குழாயை விவசாய நிலங்களைத் தவிர்த்து நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோக வேண்டும். ஏற்கெனவே புதைத்ததை எடுத்துவிட்டுக் குழியை மூடி நிலத்தைப் பழையபடி ஒப்படைக்க வேண்டும். ஏப்ரல் 2ஆம் தேதி அதுவே எழுத்தாணையாகவும் வந்தது. மேற்கு மாவட்டங்களில் வெடி வெடித்தார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்த ஆணையை எழுதிய அதிகாரிகளுக்கே அது நீதிமன்றத்தில் நிற்காது என்று தெரிந்திருக்கும். 1962ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றம் போட்டது. வழித்தடம் மத்திய அரசு தீர்மானித்தது. மாநில அரசு அதில் கை வைக்க வழியில்லை. ஆனால், கட்சி வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் விவசாயிகள் பக்கம் நின்ற நேரத்தில் அந்த ஆணையால் மாநில அரசுக்கு எந்தச் செலவும் இல்லை. தோற்றால் பழி டெல்லிக்கு.

நவம்பர் 25. உயர் நீதிமன்றம் மாநில அரசின் ஆணையை ரத்து செய்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. வேலை நின்றது நின்றபடி.

கப்பல் உண்டு, வழி இல்லை

இதற்குள் கொச்சி முனையம் தயாராகிவிட்டது. 2013 ஆகஸ்டில் முதல் சரக்கு வந்தது. 2014 ஜனவரி 4ஆம் தேதி பிரதமர் மன்மோகன் சிங் நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆஸ்திரேலியாவின் கோர்கன் வயலிலிருந்து 20 ஆண்டுகளுக்கு எரிவாயு வாங்க 2009ஆம் ஆண்டே கையெழுத்தும் போட்டாயிற்று.

முனையம் இருக்கிறது. ஒப்பந்தம் இருக்கிறது. குழாய் மட்டும் இல்லை. கொச்சியைச் சுற்றியிருந்த சில ஆலைகளுக்கு மட்டும் விற்றுக்கொண்டு, கொள்ளளவில் பத்து விழுக்காடுகூட நிரம்பாமல் அந்த முனையம் பல வருடம் கிடந்தது.

அதே 2014இன் அக்டோபரில் லிதுவேனியாவின் கிளைபெடா துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்து சேர்ந்தது. மிதக்கும் எரிவாயு முனையம். அதுவரை கடைசிச் சொட்டு வாயு வரை ரஷ்யாவிடமே வாங்கிய நாடு அது. கப்பலுக்கு வைத்த பெயர் ‘இண்டிபெண்டன்ஸ்’. அந்தக் கப்பல் நங்கூரமிட்டபோது, கரையில் வாயுவை நாடு முழுக்கக் கொண்டுபோகும் குழாய்கள் தயாராக இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை சோவியத் காலத்தில், எந்த விவசாயியையும் கேட்காமல் புதைத்தவை. சுதந்திரத்தின் குழாய்கள் அப்படிப்பட்டவை என்பதை லிதுவேனியர்கள் விழாவில் பேசியிருக்கமாட்டார்கள்.

ஜெர்மனி என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. 2022 டிசம்பர் வரை அந்த நாட்டில் ஒரு எல்.என்.ஜி. முனையம்கூடக் கிடையாது. கடலடிக் குழாய் இருக்கும்போது கப்பல் எதற்கு?

நகரமும் தீர்ப்பும்

2014 ஜூன் 27, அதிகாலை. ஆந்திரத்தின் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்ற பெயருள்ள ஊர். கெயில் குழாயில் கசிந்த வாயு பரவி நின்றது, தீ பற்றியது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். தென்னை மரங்கள் நின்ற நிலையில் கருகிப்போன படங்கள் மறுநாள் பத்திரிகைகளில் வந்தன.

கொங்கு மாவட்டங்களில் அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அது பழைய குழாய், ஈரமும் சேர்ந்த வாயு, கொச்சியிலிருந்து வருவது சுத்திகரித்த வாயு என்று நிபுணர்கள் சொன்ன வேறுபாடு உண்மைதான். ஆனால், கருகிய தென்னைக்கு முன்னால் அந்த வேறுபாடு எடுபடவில்லை.

2016 பிப்ரவரி 2. உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி டி.எஸ். தாக்கூர் தலைமையிலான அமர்வு தமிழ்நாட்டின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி கெயில் ஜெயித்துவிட்டது. மூன்று மாதத்தில் சட்டமன்றத் தேர்தல். மாநிலம் மறுசீராய்வு மனு போட்டது. முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மேற்கு மாவட்டங்களில் மறுபடி போராட்டம். கையில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வைத்துக்கொண்டும் கெயிலால் தோட்டத்துக்குள் பொக்லைனை இறக்க முடியவில்லை.

ஜெயித்தவர் யார் என்று இப்போதுகூட என்னால் சொல்ல முடியவில்லை.

கேரளத்திலும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 2017 நவம்பரில் கோழிக்கோடு மாவட்டத்தின் முக்கம் பகுதியில் போராட்டம் போலீஸ் தடியடி வரை போனது. ஆனாலும், அங்கே ஈட்டுத் தொகையை உயர்த்திக் கொடுத்து, ஒரு பக்கம் பேசி, ஒரு பக்கம் அடித்து, குழாயை முடித்தார்கள். 2021 ஜனவரி 5ஆம் தேதி கொச்சி–மங்களூர் குழாயை, 450 கிலோமீட்டர், பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். கூற்றநாட்டிலிருந்து கிழக்கே பிரியும் கிளையும் வாளையார் வரை வந்து சேர்ந்தது.

கோவை மாவட்டத்தில் வீட்டுக்கும் வண்டிக்கும் ஆலைக்கும் எரிவாயு விற்கும் உரிமை 2018இலேயே இந்தியன் ஆயிலுக்குக் கிடைத்திருந்தது. எல்லை தாண்டியதும் பிச்சனூரில் வாயுவை வாங்கி, அழுத்தம் குறைத்து, நகரத்துக்கு அனுப்பும் நிலையம் அமைந்தது. அங்கிருந்து புறப்படும் விநியோகக் குழாய்கள் எதன் வழியே போகின்றன என்று கோவைக்காரர்களுக்குத் தெரியும். சாலை ஓரமாகத் தோண்டி மூடிய பள்ளத்தில் எத்தனை ஸ்கூட்டர் சறுக்கியிருக்கும்! முதன்மைக் குழாயும் விநியோகக் குழாயும் ஒன்றல்ல, அழுத்தமும் அளவும் வேறு. அது தெரிந்தும் ஒரு விவசாயி சிரித்திருந்தால் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

கேட்காத கேள்வி

பத்து வருடம் நடந்த இந்தச் சண்டையின் தாள்களைப் புரட்டினால் ஒன்று உறுத்துகிறது. மனுக்கள், ஆணைகள், தீர்ப்புகள், சட்டமன்ற உரை என எல்லாவற்றிலும் பேச்சு ஒன்றே ஒன்றைப் பற்றித்தான்: குழாய் எந்த வழியாகப் போகும்? அதற்குள் வரப்போகும் வாயு யாருடையது, எத்தனை வருடத்துக்கு, என்ன விலைக்கு, தராமல் போனால் என்ன செய்வது? இதைக் கெயிலும் சொல்லவில்லை, அரசும் கேட்கவில்லை, தொழில் சங்கங்களும் வற்புறுத்தியதாகத் தெரியவில்லை.

ஜெர்மனி செய்ததும் இதுவேதான். வழி மட்டுமே பிரச்சினை என்று நினைத்து அதைக் கடலடிக்கு மாற்றியது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் சுமார் 45 விழுக்காடு ரஷ்யாவுடையது. 2009 தகராறைக் கண்ணால் பார்த்த பிறகும் அவ்வளவு.

இனி மறுபடி 2012க்குப் போக வேண்டும். கொங்குத் தோட்டங்களில் முளைக்குச்சி அடித்த அதே ஆண்டு அக்டோபரில் கெயில் இன்னொரு கையெழுத்தும் போட்டது. ரஷ்யாவின் காஸ்ப்ரோமுடைய சிங்கப்பூர் வர்த்தக நிறுவனத்திடமிருந்து 20 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 25 லட்சம் டன் திரவ எரிவாயு. முதல் சரக்கு 2018 ஜூனில் குஜராத்தின் தஹேஜில் இறங்கியது. அந்தச் சிங்கப்பூர் நிறுவனத்தின் தாய் நிறுவனம் லண்டனில். அதற்கும் தாய் பெர்லினில், பெயர் காஸ்ப்ரோம் ஜெர்மானியா. விற்கிறவர் ரஷ்யர், கடை சிங்கப்பூரில், கல்லாப்பெட்டியின் சாவி பெர்லினில். கையெழுத்துப் போட்ட நாளில் இது யாருக்கும் தொந்தரவாகத் தெரியவில்லை.

2022 பிப்ரவரி 24. ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. அந்தக் குளிர்காலத்தில் ஜெர்மனியின் மிகப் பெரிய நிலத்தடிச் சேமிப்பான ரேடன் கிட்டத்தட்டக் காலியாக இருந்தது என்பதை அப்போதுதான் பலர் கவனித்தார்கள். அதை நடத்தியதும் காஸ்ப்ரோம் ஜெர்மானியாவின் குடும்பம்தான். மார்ச் கடைசியில் காஸ்ப்ரோம் அந்த நிறுவனத்தைக் கைகழுவுவதாக அறிவித்தது. ஏப்ரல் 4ஆம் தேதி ஜெர்மன் பொருளாதார அமைச்சர் ராபர்ட் ஹாபெக் அதை அரசுப் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

அதே ஏப்ரலில், தருமபுரி மாவட்டத்தில், தன் நிலத்தில் கெயில் குழாய் வருவதை எதிர்த்து ஒரு விவசாயி உயிரை மாய்த்துக்கொண்டார். இரண்டு செய்திகளும் ஒரே வாரங்களில் வந்தவை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

மே மாதம் ரஷ்யா பதிலடி கொடுத்தது. ஜெர்மனி எடுத்துக்கொண்ட நிறுவனத்தின் மீதும் அதன் கிளைகளின் மீதும் தடை. ரஷ்யாவின் யமால் தீபகற்பத்திலிருந்து அந்தக் கிளைகளுக்குப் போன சரக்கு நின்றது. சிங்கப்பூர் நிறுவனத்திடம் கெயிலுக்குக் கொடுக்க ரஷ்ய வாயு இல்லை. வேறு இடத்தில் வாங்கிக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. கெயிலுக்கு வரவேண்டிய கப்பல்கள் வரவில்லை. இங்கே உரத் தொழிற்சாலைகளுக்கும் பிற ஆலைகளுக்கும் கெயில் வாயுவைக் குறைக்க வேண்டியதாயிற்று.

சந்தையில் வாங்கலாம் என்றால், 2020 கோடையில் ஆசியச் சந்தையில் 10 லட்சம் பி.டி.யு.வுக்கு 2 டாலர் அளவில் கிடந்த விலை 2022 ஆகஸ்டில் 70 டாலரைத் தொட்டது. ஐரோப்பா என்ன விலை சொன்னாலும் வாங்கியது. குஜராத்தின் மோர்பியில், 2019இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவால் நிலக்கரி வாயுவைக் கைவிட்டுக் குழாய் வாயுவுக்கு மாறிய ஓட்டு ஆலைகள், மூன்றே வருடத்தில் புரோப்பேனுக்குத் தாவின. திருப்பூரில் துணி உலர்த்தும் ஸ்டென்டர் ஓட்டுகிறவர்களும், கோவையில் பவுடர் கோட்டிங் போடுகிறவர்களும் மோர்பியின் கதையைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பேன்.

கெயில் லண்டனில் நடுவர் மன்றம் போனது. கேட்டது சுமார் 180 கோடி டாலர். 2025 ஜனவரியில் 28.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவே இருக்கும் அந்தப் பெரிய பள்ளத்தில்தான் அடுத்த வாரக் கதை இருக்கிறது. சரக்கு தராவிட்டால் விற்கிறவர் கட்ட வேண்டியது ஒப்பந்த விலையில் ஒரு பங்கு அபராதம். அந்த 2022 கோடையில் அதே சரக்கை ஐரோப்பாவில் விற்றால் கிடைத்தது அதைவிடப் பல மடங்கு. பாகிஸ்தானுக்கு வரவேண்டிய கப்பல்களும் இதே கணக்கில்தான் வராமல் போயின.

வாக்குத் தவறுவது லாபமாக முடியும்படி இந்த ஒப்பந்தங்களை எழுதியவர் யார்? பிச்சனூரில் இன்று வாயு வாங்கும் ஆலைக்காரரின் ஒப்பந்தத்தில் அந்த ஷரத்து எப்படி எழுதப்பட்டிருக்கிறது?

(தொடரும்)